இன்சுலின் பையோடு திடலுக்கு
முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர்கள் காற்பந்து விளையாடலாமா?

மாணவர்கள், பெற்றோர், பயிற்றுநர்கள் ஆகியோருக்கான விளக்கம்

உங்கள் பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு என்று மருத்துவர் சொல்லிவிட்டாரா? பள்ளிக் குழுவில் காற்பந்து விளையாடி வந்த பிள்ளையை, "இனி திடல் பக்கமே போகாதே" என்று நிறுத்திவிட்டீர்களா? அல்லது நிறுத்தலாமா என்று யோசிக்கிறீர்களா? முடிவு செய்வதற்கு முன் இந்தக் கையேட்டை ஒரு முறை படியுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படிப்பது இன்னும் நல்லது.

பல வீடுகளில் நடப்பது

கிள்ளானில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். பள்ளிக் காற்பந்துக் குழுவில் நடுத்திடல் ஆட்டக்காரன். எஸ்.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகம் போக வேண்டும், அங்கேயும் விளையாட வேண்டும் என்பது அவன் ஆசை.

இரண்டு மாதங்களாக அவன் உடல் இளைக்கிறது. பயிற்சி கடுமை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரிய போத்தல் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. வெயில் என்கிறார்கள். இரவில் மூன்று, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறான். அவ்வளவு தண்ணீர் குடித்தால் அப்படித்தான் என்கிறார்கள். ஒரு நாள் வயிற்றுவலியும் வாந்தியும் மூச்சிரைப்பும் வந்து அவசரப் பிரிவில் சேர்க்கப்படுகிறான். அங்கேதான் விஷயம் தெரிகிறது: முதல் வகை நீரிழிவு. இனி ஒவ்வொரு நாளும் இன்சுலின் ஊசி போட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி அழுகிறார். இனிப்பு நீர் நோயால் தாத்தாவின் காலை எடுத்தது அவர் கண்முன் நிற்கிறது. "அந்தக் காலை வைத்துக்கொண்டு இவன் பந்து உதைக்க வேண்டுமா?" என்கிறார். அப்பா படிப்பு மட்டும் போதும் என்கிறார். மகனோ யாரிடமும் சொல்லாமல் மீண்டும் திடலுக்குப் போகத் திட்டமிடுகிறான்.

இந்த வீட்டில் இப்போது இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, தேவையில்லாத தடை. மற்றொன்று, மறைத்து விளையாடுவது. இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்தக் கையேடு விளக்குகிறது.

தாத்தாவுக்கு வந்ததும் பேரனுக்கு வந்ததும் ஒன்றல்ல

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வு இதை 15.6 விழுக்காடு என்று காட்டியது. மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே இது அதிகம். அதனால் 'இனிப்பு நீர்' என்ற சொல் நம் வீடுகளில் நன்கு பழகிய சொல். ஆனால் நாம் அன்றாடம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவு.

இரண்டாம் வகையில் உடல் இன்சுலினைச் சுரக்கிறது. ஆனால் அது சரியாக வேலை செய்வதில்லை, அல்லது போதுமானதாக இல்லை. வயது, உடல் எடை, உணவு, உடலுழைப்பு, குடும்ப வழி ஆகியவை இதில் பங்கு வகிக்கின்றன.

முதல் வகை வேறு. நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களையே தவறுதலாகத் தாக்கி அழித்துவிடுகிறது. அதன் பின் உடலில் இன்சுலின் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. சிறு வயதிலும் இளம் வயதிலும் இது அதிகம் தொடங்குகிறது. இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் இது வருவதில்லை. அம்மா சரியாகக் கவனிக்காததாலும் வருவதில்லை. இதில் யார் மீதும் பழி இல்லை.

இந்த வேறுபாடு முக்கியமானது. இரண்டாம் வகை உள்ளவர்களில் பலர் மாத்திரையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் சமாளிக்கிறார்கள். முதல் வகை உள்ளவருக்கு இன்சுலின் இல்லாமல் வாழ்வே இல்லை. பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நாட்டு மருந்து என எதுவும் இன்சுலினுக்கு மாற்று ஆகாது. அவற்றை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும்.

1921ஆம் ஆண்டு கனடாவின் டொரோண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் முதன்முதலில் அதைப் பெற்ற நோயாளி 14 வயதுச் சிறுவன். அதற்கு முன் இந்நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்தனர். இன்று அதே வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், போட்டிகளிலும் விளையாடுகிறார்கள்.

விளையாடிக் காட்டியவர்கள்

ஸ்பெயினின் நாச்சோ ஃபெர்னாண்டஸ் ரியல் மட்ரிட் இளையோர் குழுவில் இருந்தபோது, 12 வயதில், அவருக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரிந்தது. முதலில் பார்த்த மருத்துவர் காற்பந்து முடிந்துவிட்டது என்று சொன்னதாகவும், அடுத்துப் பார்த்த நிபுணர் தொடர்ந்து விளையாட ஊக்கம் தந்ததாகவும் அவரே பின்னர் கூறியிருக்கிறார். 2018 உலகக் கிண்ணப் போட்டியில் போர்த்துகலுக்கு எதிராக ஸ்பெயினுக்காக அவர் கோல் அடித்தார். 2024 ஜூன் மாதம் வெம்ப்ளி அரங்கில் ரியல் மட்ரிட் கேப்டனாக ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தைத் தூக்கினார்.

அவருக்கு முன்பே இங்கிலாந்தின் கேரி மேபட் வழிகாட்டியிருந்தார். 17 வயதில் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட அவர், 1991இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற டோட்டன்ஹாம் குழுவுக்குக் கேப்டனாக இருந்தார். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு வாசிம் அக்ரமைத் தெரியும். 30 வயதளவில் நீரிழிவு கண்டறியப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் பந்து வீசி, 2003 உலகக் கிண்ணப் போட்டியின்போது ஒருநாள் ஆட்டங்களில் 500ஆவது விக்கெட்டை எடுத்தார்.

இவர்கள் நோயை மறந்துவிட்டு விளையாடியவர்கள் அல்லர். சர்க்கரை அளவைப் பார்த்து, உணவையும் இன்சுலினையும் கணக்கிட்டு, குழுவினரிடம் சொல்லிவிட்டு விளையாடியவர்கள். அந்தப் பழக்கத்தைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நம் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளலாம்.

ஓடும்போது உடலில் என்ன நடக்கிறது?

தசைகளுக்கு எரிபொருள் சர்க்கரை. ஓடத் தொடங்கியதும் தசைகள் இரத்தத்திலிருந்து அதிகச் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. நோயில்லாத பிள்ளையின் உடல் உடனே இன்சுலினைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். ஊசி போட்ட பிள்ளையின் உடலால் அப்படிச் செய்ய முடியாது. உள்ளே போன இன்சுலின் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் சர்க்கரை அளவு வேகமாக இறங்கக்கூடும்.

ஆனால் எப்போதும் இறங்கும் என்றும் சொல்ல முடியாது. சாதாரணப் பயிற்சி நாளில் திடலைச் சுற்றி நீண்ட நேரம் ஓடினால் பெரும்பாலும் இறங்கும். போட்டி நாளில் பதற்றமும், திடீர் வேக ஓட்டங்களும் அட்ரினலின் சுரப்பைக் கூட்டுவதால் அளவு சில நேரம் ஏறும். ஆட்டம் முடிந்து சில மணி நேரம் கழித்து மீண்டும் இறங்கும். "பயிற்சியில் 6 இருந்தது, போட்டியில் 13 ஆகிவிட்டதே" என்று பிள்ளை குழம்பலாம். இது அவன் செய்த தவறு அல்ல. அந்த உயர்வைக் கண்டு பதறி உடனே அதிக இன்சுலின் போட்டுக்கொள்வதுதான் தவறு. சிறிது நேரத்தில் அளவு வேகமாகச் சரியக்கூடும்.

ஆகவே ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன், இடைவேளையில், முடிந்த பின், படுக்கும் முன் என்று நான்கு எண்களை எழுதுங்கள். சாப்பிட்டதையும் போட்ட இன்சுலினையும் பக்கத்திலேயே குறியுங்கள். சில வாரங்களில் உங்கள் உடலின் போக்கு உங்களுக்கே தெரியும். மருத்துவரும் அதைப் பார்த்துத்தான் இன்சுலின் அளவை மாற்றுவார்.

எண்களைப் பற்றி ஒரு குறிப்பு: மலேசியாவில் குளுக்கோமீட்டர்கள் மில்லிமோல் கணக்கில் 5, 7, 10 என்று காட்டும். தமிழ்நாட்டுக் காணொளிகளிலும் இதழ்களிலும் மில்லிகிராம் கணக்கில் 90, 126, 180 என்று சொல்வார்கள். அந்த எண்ணை 18ஆல் வகுத்தால் நம் கணக்கு கிடைக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தக் கையேட்டில் உள்ளவை அனைத்தும் மில்லிமோல் கணக்கு.

திடலில் இறங்கும் முன் பார்க்க வேண்டிய எண்

ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு முறையும், இறங்குவதற்குச் சற்று முன் ஒரு முறையும் சோதியுங்கள். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரியும்.

5க்குக் கீழ்: இப்போது இறங்க வேண்டாம். 10 முதல் 20 கிராம் வரை விரைவாகச் செரிக்கும் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளுங்கள். அளவு 5ஐத் தாண்டிய பிறகு இறங்குங்கள். 4க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. முதலில் அதற்குரிய சிகிச்சை செய்ய வேண்டும்.

5 முதல் 7 வரை: சுமார் 10 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொண்டு இறங்கலாம்.

7 முதல் 10 வரை: பெரும்பாலான மாணவர்கள் இறங்குவதற்கு ஏற்ற அளவு இது.

10 முதல் 15 வரை: விளையாடலாம். இடைவேளையில் கட்டாயம் சோதியுங்கள்.

15க்கு மேல்: கீட்டோன் சோதனை செய்யுங்கள். இரத்தக் கீட்டோன் 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் விளையாடக் கூடாது, உடனே மருத்துவ உதவி தேவை. 0.6 முதல் 1.4 வரை இருந்தால், அதைச் சரிசெய்த பிறகே விளையாட்டு. உடலில் இன்சுலின் போதவில்லை என்பதன் அறிகுறி கீட்டோன். அந்த நிலையில் ஓடினால் சர்க்கரை இறங்காது, நிலைமைதான் மோசமாகும்.

கடந்த 24 மணி நேரத்தில், பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குத் தாழ்சர்க்கரை வந்திருந்தால் அன்று எந்த எண்ணாக இருந்தாலும் ஓய்வு. காய்ச்சல், வாந்தி உள்ள நாளிலும் அப்படியே.

இவை பொதுவான வழிகாட்டி எண்கள். உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வேறு எண்களைக் கொடுத்திருந்தால் அவற்றையே பின்பற்றுங்கள்.

உணவு, ஊசி: விளையாட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. அந்த வேளைக்கான இன்சுலினைக் குறைக்க வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பதை மருத்துவரோ நீரிழிவுத் தாதியோ சொல்ல வேண்டும், நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஓடப்போகும் நேரத்தில் தொடையில் ஊசி போடாதீர்கள். வேலை செய்யும் தசைக்கு அருகில் இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படும். வயிற்றுப் பகுதி நல்லது.

விளையாட்டுப் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

• குளுக்கோமீட்டர், சோதனைப் பட்டைகள், ஊசி முனைகள், கை துடைக்கத் துணி
• குளுக்கோஸ் மாத்திரை அல்லது பொடி, சிறு பொட்டலங்களில் சீனி
• பிஸ்கட் அல்லது ரொட்டி
• தண்ணீர்
• இன்சுலின் பேனா, குளிர் காக்கும் சிறு பையில்
• நோயின் பெயர், பெற்றோரின் கைப்பேசி எண், சிகிச்சை பெறும் மருத்துவமனையின் பெயர் எழுதிய அட்டை

இந்தப் பை உடை மாற்றும் அறையில் பூட்டிக் கிடக்கக் கூடாது. திடலின் ஓரத்தில், பயிற்றுநரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கும் நம் திடல்களில் 30 பாகைக்கு மேல் வெயில் இருக்கும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் 30 பாகைக்கு மேல் கெடத் தொடங்கும். நிறுத்தி வைத்த காருக்குள்ளும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் இதைவிட அதிகச் சூடு. அங்கே வைத்த இன்சுலின் பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தாலும் வேலை செய்யாமல் போகலாம். சோதனைப் பட்டைகளும் சூட்டில் தவறான எண் காட்டும். வெப்பம் தோலுக்கடியில் உள்ள இன்சுலினை விரைவாக உறிஞ்சச் செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையில் சர்க்கரை உணரி ஒட்டியிருக்கும் மாணவர்கள் ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் காட்டி, மேலே துணி நாடா சுற்றிக்கொள்ளுங்கள். உணரி காட்டும் எண் இரத்த அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். ஓடும்போது இந்த இடைவெளி கூடும். உடல் ஒன்று சொல்ல, உணரி வேறொன்று காட்டினால் விரலில் குத்திச் சோதித்துவிடுங்கள்.

திடலில் தாழ்சர்க்கரையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி ஆகியவையே தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் என்று எல்லா நூல்களும் சொல்லும். ஆனால் மலேசிய வெயிலில் காற்பந்து ஆடும் 22 பேருக்கும் வியர்க்கிறது, 22 பேருக்கும் இதயம் படபடக்கிறது. ஆகவே திடலில் வேறு அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்:

• வழக்கமாகச் சரியாகப் பந்தைக் கடத்தும் பிள்ளை, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தவறாகக் கடத்துவது
• கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, சொன்னது புரியாமல் விழிப்பது
• காரணமில்லாமல் எரிந்து விழுவது, சண்டைக்குப் போவது
• கால் பின்னுவது, பேச்சு குழறுவது, முகம் வெளிறுவது

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பயிற்றுநர் ஆட்டக்காரரை வெளியே அழைக்க வேண்டும். "சோம்பேறித்தனமா?" என்று திட்டும் நேரம் அல்ல அது.

15 கிராம், 15 நிமிடம்

அளவு 4க்குக் கீழே இருந்தால், அல்லது சோதிக்க வழியில்லாமல் சந்தேகம் இருந்தால்:

1. உடனே உட்காருங்கள். 15 கிராம் விரைவுச் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி தேன், முக்கால் கோப்பை பழச்சாறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும்.
2. 15 நிமிடம் காத்திருந்து மீண்டும் சோதியுங்கள்.
3. இன்னும் 4க்குக் கீழே இருந்தால் மீண்டும் 15 கிராம்.
4. அளவு ஏறிய பிறகு பிஸ்கட், ரொட்டி போன்ற மெதுவாகச் செரிக்கும் உணவைச் சிறிது சாப்பிடுங்கள்.
5. அளவு 5ஐத் தாண்டி, தலை தெளிந்த பிறகே திடலுக்குத் திரும்புவது பற்றி யோசியுங்கள்.

இந்த நேரத்தில் தே தாரிக்கும் சாக்லேட்டும் உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 'சீனி இல்லாதது' என்று எழுதிய குளிர்பானமும் பயன்படாது. அவசரத்தில் கடைக்கு ஓடும் நண்பருக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

மயங்கி விழுந்தால்: வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சீனித் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருபக்கமாகப் படுக்க வைத்து 999ஐ அழையுங்கள். "முதல் வகை நீரிழிவு, சர்க்கரை இறங்கி மயக்கம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மருத்துவர் குளுக்ககான் மருந்து கொடுத்திருந்து, அதைப் போடத் தெரிந்தவர் இருந்தால் உடனே போடலாம். இன்சுலின் மட்டும் போடவே கூடாது.

ஆட்டம் முடிந்தது, ஆபத்து முடியவில்லை

ஆட்டம் முடிந்த பிறகும் தசைகள் தாம் செலவழித்த சர்க்கரையை இரத்தத்திலிருந்து மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்கும். இது பல மணி நேரம், சில நேரம் மறுநாள் வரைகூட நீளும். மாலையில் விளையாடியவருக்கு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் அளவு இறங்குவது இதனால்தான். தூக்கத்தில் அறிகுறி தெரியாது.

ஆகவே கடுமையாக விளையாடிய நாளில் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். படுக்கும் முன் சோதியுங்கள். அளவு குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். அந்த இரவுக்கான இன்சுலினைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். போட்டி நாள்களில் நள்ளிரவில் ஒரு முறை எழுந்து சோதிப்பது நல்லது. காலையில் தலைவலியோடும் நனைந்த தலையணையோடும் எழுந்தால், இரவில் அளவு இறங்கியிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

குளித்துவிட்டுக் கால்களையும் பாருங்கள். காலணி கடித்த இடம், கொப்புளம், நகக்கண் புண் எதுவாக இருந்தாலும் சுத்தம் செய்து மூடுங்கள். பாட்டியின் அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பல ஆண்டுகள் அளவு உயர்ந்தே இருந்தால் கால் நரம்பும் இரத்தக் குழாயும் பாதிக்கப்படும். முன்னர்ச் சொன்ன கேரி மேபட்டும் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின் கால் இரத்த ஓட்டத்துக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. ஆனால் காலைக் காப்பது பந்தை விடுவது அல்ல. அளவைக் கட்டுக்குள் வைப்பதும், அன்றாடம் காலைப் பார்ப்பதும், ஆண்டுதோறும் கண், சிறுநீரகம், கால் பரிசோதனைக்குத் தவறாமல் போவதுமே காலைக் காக்கும்.

மறைக்காதீர்கள்

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் மறைக்கிறார்கள். பிற்காலத்தில் திருமணப் பேச்சில் தடை வரும் என்று பயந்து, சிறப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோர் மறைக்கச் சொல்கிறார்கள். மறைக்கும் பிள்ளை திடலில் விரலைக் குத்திப் பார்க்காது. பையிலிருந்து சீனியை எடுத்துச் சாப்பிடக் கூச்சப்படும். தலை சுற்றினாலும் வெளியே வர அனுமதி கேட்காது. அளவு இறங்குவதைத் தவிர்க்க இன்சுலினையே போடாமல் விட்டுவிட்டு வரும். இது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. மயங்கி விழும்போது, சுற்றி நிற்கும் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

பயிற்றுநரிடம் மருத்துவரின் கடிதத்தோடு பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். மூன்று விஷயங்கள் போதும்: நோயின் பெயர், அளவு இறங்கினால் எப்படித் தெரியும், அப்போது என்ன செய்ய வேண்டும். குழுவில் குறைந்தது இரண்டு நண்பர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பயிற்றுநர்களுக்கு: இந்த மாணவரிடம் குறைவான உழைப்பை எதிர்பார்க்கத் தேவையில்லை. சோதிக்கவும் சாப்பிடவும் இரண்டு நிமிடம் கொடுங்கள். கேட்காமலே திடலை விட்டு வெளியேறும் உரிமை கொடுங்கள். தண்டனையாகத் திடலைச் சுற்றி ஓடச் சொல்லும் பழக்கம் இருந்தால், திட்டமிடாத அந்த ஓட்டம் இவருக்கு ஆபத்து என்பதை நினைவில் வையுங்கள்.

விரதம், விருந்து

தைப்பூசத்துக்கு விரதமிருந்து பத்துமலைக்குக் காவடி எடுக்க விரும்பும் பிள்ளைகள் உண்டு. ஒரு வேளை உணவோடு விரதமிருந்து, மாலையில் பயிற்சிக்கும் போவது ஆபத்தானது. விரதம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். சைவ உணவை வேளை தவறாமல் உண்டு, இன்சுலினைத் தொடர்ந்து, பயிற்சியைக் குறைத்துக்கொள்வதும் நேர்த்திதான். அளவு 4க்குக் கீழே இறங்கினால் உடனே விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

தீபாவளிப் பலகாரமும் திருமண விருந்தும் முற்றிலும் விலக்கப்பட்டவை அல்ல. எவ்வளவு சாப்பிடுகிறோம், அதற்கு எவ்வளவு இன்சுலின் என்று கணக்கிடத் தெரிய வேண்டும். மாவுச்சத்துக் கணக்கை மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் கற்றுக்கொள்ளுங்கள். போகும்போது வீட்டில் உண்ணும் தோசை, ரொட்டி சானாய், நாசி லெமாக் ஆகியவற்றின் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

பல்கலைக்கழகம் போகும்போது

பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிகளில் 90 விழுக்காடு கல்விக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது. நோயைக் காரணம் காட்டிப் பிள்ளையை விளையாட்டிலிருந்து விலக்கினால், உடல் நலத்தோடு இந்தப் புள்ளிகளையும் அவன் இழக்கக்கூடும்.

கிள்ளானில் அம்மாவின் கண்காணிப்பில் இருந்த பிள்ளை பந்தாய், செர்டாங், பாங்கி என்று விடுதிக்குப் போகும்போது பல விஷயங்கள் மாறுகின்றன. கிளம்புவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்:

• குழந்தை மருத்துவப் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு மாறும் வயது இது. பழைய மருத்துவமனையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி, புதிய இடத்தில் முதல் சந்திப்பு நாளை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். இடையில் சில மாதங்கள் விடுபடுவதுதான் பலருக்கும் சிக்கலாகிறது.
• விடுதி அறைத் தோழரிடம் சொல்லுங்கள். இரவில் எழுப்பியும் எழாவிட்டால் என்ன செய்வது என்று காட்டுங்கள். அறையில் எப்போதும் சீனியும் பிஸ்கட்டும் இருக்கட்டும்.
• இன்சுலினை வைக்கக் குளிர்பெட்டி உண்டா என்று விடுதி நிர்வாகத்திடம் முன்பே கேளுங்கள்.
• மது அருந்தினால், தாழ்சர்க்கரையிலிருந்து மீள உதவும் கல்லீரலின் வேலை தடைப்படும். விளையாடிய இரவில் அது மேலும் ஆபத்து. தவிர்த்துவிடுங்கள்.

மாநில, தேசிய நிலையில் விளையாடும் தகுதி வந்தால் இன்னொரு வேலை உண்டு. இன்சுலின், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவையின் தடைப் பட்டியலில் உள்ளது. நோய்க்காகப் பயன்படுத்துபவர்கள் சிகிச்சைக்கான விலக்கு பெற வேண்டும். மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பிக்கும் முறையை மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகவையான அடாமாஸிடம் கேட்டறியுங்கள். சோதனைக்கு அழைத்த பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

விளையாடினால் நோய் குணமாகுமா?
ஆகாது. ஆனால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும். இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லது. ஊசியை நிறுத்த மட்டும் முடியாது.

மகளுக்கு மாதவிலக்கு நாள்களில் அளவு மாறுகிறதே?
மாதவிலக்குக்கு முந்திய சில நாள்களில் பலருக்கு அளவு ஏறுவது உண்டு. குறிப்புப் புத்தகத்தில் அந்த நாள்களைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். விளையாட்டை நிறுத்தத் தேவையில்லை.

சோதனைப் பட்டைகள் வாங்கச் செலவாகிறது. என்ன செய்வது?
குறைத்துச் சோதிப்பதாக இருந்தால், விளையாடாத நாளில் எந்த வேளையை விடலாம் என்று தாதியிடம் கேளுங்கள். விளையாடும் நாளின் சோதனைகளைக் குறைக்காதீர்கள். உதவித் திட்டங்கள் பற்றி மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவில் விசாரியுங்கள்.

எப்போது உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்?
வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை, அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றோடு சர்க்கரை உயர்ந்திருந்தால் தாமதிக்காதீர்கள். இன்னும் நோய் கண்டறியப்படாத பிள்ளைக்கும் இது பொருந்தும். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு, சோர்வு நான்கும் சேர்ந்து வந்தால் "பயிற்சிக் களைப்பு" என்று விட்டுவிடாமல் அன்றே கிளினிக்கில் விரலைக் குத்திப் பாருங்கள். அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

முடிவாக

கிள்ளான் வீட்டுக்குத் திரும்புவோம். அப்பாவும் மகனும் மருத்துவரிடம் போகிறார்கள். எண்களைக் கற்றுக்கொள்கிறார்கள். கடிதத்தோடு பயிற்றுநரைப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு வாரம் பயிற்சி மட்டும், பிறகு பாதி ஆட்டம், பிறகு முழு ஆட்டம் என்று படிப்படியாக ஏறுகிறார்கள். பாட்டி ஒவ்வொரு மாலையும் பையில் சீனிப் பொட்டலம் இருக்கிறதா என்று தானே பார்த்து வைக்கிறார். அவர் பயம் முழுதாகப் போகவில்லை, ஆனால் இப்போது அது பிள்ளையைக் காக்கும் வேலையைச் செய்கிறது.

உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலோ, சிகிச்சை பெறும் மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவிலோ, "என் பிள்ளை விளையாட விரும்புகிறான், எப்படிப் பாதுகாப்பாக விளையாடலாம்?" என்று கேளுங்கள். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது குறிப்புப் புத்தகத்தையும் பயிற்சி நேர அட்டவணையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.